காரியின் இடக்கண் சுழி

1

சென்ற ஞாயிறன்று ஏழுமலை குமணன்சாவடியில் உள்ள தொலைபேசி நிலையமொன்றிலிருந்து என்னை அழைத்து, எங்கள் குதிரை இறந்துவிட்டதென்று சொல்லி அழுதான். நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். அந்தக் குதிரை அவனிடம் இல்லை என்பதை நான் அறிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

“வாத்யாரே, நம்ம கருப்பன் பூட்டான் வாத்யாரே. காத்தால போய்ப் பாத்தா படுத்துகினு கீறான். எழுப்புனா எந்திரிக்கல.”

“ரொம்பக் கஷ்டப்பட்டானா?”

“சேச்சே. தூங்குற மாதிரியே கீது மூஞ்சி. ஏரிக்கரையாண்டயே பொதச்சிட்டோம். மாலை வாங்கிப் போட்டேன். உன் பேர்லயும் ஒண்ணு போட்டேன்.”

என் பெயரிலும் ஒன்று. அந்த மாலையை நான் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். கதம்பமா, சம்பங்கியா என்று கேட்டிருந்தால் அதற்கும் அவனிடம் விடை இருந்திருக்கும்.

அதற்கு முந்தைய ஞாயிறு நான்தான் அவனிடம் ஒரு செய்தி சொன்னேன்: மகள் குதிரை கேட்கிறாள், இங்கேயே, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் கருங்குதிரை விலைக்கு வருகிறது, வாங்கலாமென்று நினைக்கிறோம். இங்கு ஒன்று வந்து சேர்வதற்குள் அங்குள்ளதைச் சாகடித்துவிடுவது நல்லதென்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இல்லாத குதிரைக்குப் பத்தாண்டுகள் புல் போட்டவன், இறுதிச் சடங்கையும் குறைவின்றிச் செய்து முடித்தான்.

2

ஊரில் இருப்போர்க்கு இவ்விடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் தென்தீவில் ஒரு சிற்றூர். என் மனைவி மருத்துவமனையில் செவிலி; அவருடைய வேலையைப் பற்றிக்கொண்டே நாங்கள் மூவரும் வந்தோம். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்புப் பள்ளியில் யாப்பும் அணியும் கற்பித்த நான், இங்கே ஊர் நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குகிறேன். எனக்குக் குறையில்லை. புத்தகங்கள் எந்த மொழியில் இருந்தாலும் தொட்டால் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

அலுவலகங்களில் மட்டும் நான் இறந்துபோன ஒருவராக நடமாடுகிறேன். குடும்பப்பெயர் என்ற இடத்தில் தந்தையின் பெயரை எழுதிய நாள்முதல், வங்கியிலும் வரி அலுவலகத்திலும் என் தந்தையின் பெயரைச் சொல்லியே என்னை அழைக்கிறார்கள். முதலாண்டுகளில் எழுந்து நின்று விளக்கம் சொல்வேன். இப்போது அப்பாவின் பெயரைக் கேட்டதும் எழுந்து போகிறேன்.

மகள் இளவேனில். பள்ளியில் அவளை இலா என்கிறார்கள். தன் பெயரை எவரும் முழுதாகச் சொல்வதில்லை என்பது அவளுக்குக் குறையாகவே படவில்லை. இரவுணவு முடிந்ததும் உணவு மேசையைத் துடைத்துவிட்டு நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ் கற்பித்தேன். எழுத்தெல்லாம் வந்தது. பேச்சு வரவில்லை. நான் தமிழில் கேட்பேன். அவள் ஆங்கிலத்தில் விடை சொல்வாள். வற்புறுத்தினால் தனித்தனிச் சொற்களாக வைப்பாள்: “தண்ணீர்.” “வேண்டாம்.” “நாளை.” தொடராக ஒன்றும் இல்லை. பதின்மூன்றாம் வயதில், தமிழை விட்டுவிட்டுக் குதிரை ஏறக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டாள். இங்கே பிள்ளைகள் விடுமுறைநாளில் மலைச்சரிவுகளிலும் ஆற்றோரங்களிலும் குதிரையேறிப் போகிறார்கள். டிரெயில் ரைடிங் என்பது அதற்குப் பெயர். பந்தயமில்லை, அணிவகுப்பில்லை. வழி எங்கே போகிறதோ அங்கே போய்த் திரும்புவது.

எனக்கு அது புதிதன்று. பாரிவாக்கம் ஏரிக்கரையில் அதையேதான் நானும் ஏழுமலையும் பெயர் தெரியாமல் செய்துகொண்டிருந்தோம்.

3

ஏழுமலை தொழிற்சாலையில் பற்றவைப்புத் தொழிலாளி. அவனுடைய தந்தை பூவிருந்தவல்லியில் குதிரை வண்டி ஓட்டியவர். அவன் மகன் என் வகுப்பில் படித்தான், தமிழில் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்று கேட்க வந்தவன் நண்பனாகிப் போனான். எண்பத்தாறாம் ஆண்டு ஒரு மாலை, குமணன்சாவடியில் பேருந்துக்கு நாங்கள் நின்றிருந்தபோது, பெங்களூர் நெடுஞ்சாலையோரக் கொட்டகையில் ஒரு கருங்குதிரையைக் கண்டேன். பாட்டிலும் உரையிலும் ஆயிரம் குதிரைகளைக் கடந்தவன் நான். உயிருள்ள குதிரையின் மூச்சுக்காற்று கையில் பட்டது அதுவே முதல்முறை. பேருந்து வந்து போயிற்று. நாங்கள் ஏறவில்லை.

கொட்டகை மஸ்தான் பாய்க்கும் அவர் தம்பிக்கும் உரியது. திருமண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுபவர்கள்; வாங்கி விற்பதும் உண்டு. மஸ்தான் பாய் குதிரையைப் புகழவில்லை. என்னைக் கைபிடித்து அதன் இடப்பக்கம் அழைத்துச் சென்றார்.

“சார், முன்னாடியே சொல்லிட்றேன். இது கல்யாணத்துக்கு ஆவாது. கண்ணுக்குக் கீழ பாத்தீங்களா? சுழி. கண்ணீர்ச் சுழிம்பாங்க. எவன் வச்சிகினு கீறானோ அவன் ஊட்ல அழுகை நிக்காதுன்னு பேச்சு.”

இடக்கண்ணுக்குச் சற்றுக் கீழே, மயிர் சிறு நீர்ச்சுழலைப் போலச் சுற்றி நின்றது.

“நீங்க நம்பறீங்களா பாய்?”

“நான் நம்பினா இன்னா, நம்பாங்காட்டி இன்னா? வாங்குறவன் நம்புறானே! மாசக்கணக்கா கட்டிப்போட்டுக் கொள்ளு போட்டுகினு கீறேன். இதுவரிக்கும் அழுவுறது நான் ஒருத்தன்தான்.”

தம்பி குறுக்கே புகுந்தார். “மேடு பள்ளம் எதுல வேணா உடுங்க சார். ஏரிக்கரை மேல மழையில போனாலும் கால் வழுக்காது. ரோட்டுல லாரி ஆரன் அடிச்சாலும் திரும்பிப் பாக்காது. அந்த ஒரு சுழிதான்.”

நான் சிரித்தேன். ஏழுமலைக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னா வாத்யாரே இளிக்கிற? சுழி சுழிதான்.”

“உன் தலையில எத்தனை சுழி?”

“ரெண்டு.”

“ரெண்டு சுழின்னா ரெண்டு கல்யாணம்னு சொல்வாங்க. ஆச்சா?”

“ஒண்ணையே சமாளிக்க முடில. நீ வேற.”

மஸ்தான் பாய் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பேரம் படிந்துவிட்டது. குடியிருப்பில் குதிரை வளர்க்க இசைவு இல்லை. ஏழுமலைக்குப் பாரிவாக்கத்தில் சொந்த வீடும் காலியான மாட்டுக்கொட்டிலும் இருந்தன. விலை என்னுடையது, வளர்ப்பு அவனுடையது, சவாரி இருவருடையது என்று பேசிக்கொண்டோம்.

கால்நடை கைமாறும்போது பழைய கயிற்றை விற்றவரே வைத்துக்கொள்வது அப்பக்கத்து வழக்கம். வாங்குபவன் தன் கயிற்றோடு வர வேண்டும். எதிர்க்கடையில் நீல நைலான் கயிறு வாங்கிவந்தேன். மஸ்தான் பாய் தம் கயிற்றை அவிழ்க்குமுன் ஒன்று சொன்னார்.

“ஒரே பேச்சு சார். வாணாம்னு ஆச்சுன்னா வேற எவங்கிட்டயும் தள்ளாதீங்க. என்னாண்ட கொண்டாந்து கட்டுங்க.”

குதிரைக்குக் காரி என்று பெயரிட்டேன். ஏழுமலை கருப்பன் என்றே அழைத்தான். இரண்டுக்கும் அது காது திருப்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் ஏறி, ஒருவர் மிதிவண்டியில், ஏரிக்கரை வழியே சென்னீர்குப்பம்வரை போய்த் தேநீர் குடித்துத் திரும்புவோம். முதற்சில வாரங்கள் நான் விழுந்துகொண்டே இருந்தேன். விழுந்த இடத்திலேயே காரி நின்றுவிடும். “பாரு, அதுக்கே உம்மேல இரக்கமா கீது” என்பான் ஏழுமலை.

4

எண்பத்தெட்டில் புறப்பட்டோம். கொட்டிலில் விடைபெற்றபோது ஏழுமலை என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். “நீ வர்ற வரிக்கும் நான் பாத்துக்கறேன். எம்புள்ள மாதிரி.” நான் அவனிடம் உறுதிமொழி கேட்கவில்லை. அவனாகத் தந்தான்.

அதன்பின் மாதத்தில் இருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில், அவனுடைய பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பேன். அவனைக் கூப்பிட்டு வரும்வரை காத்திருக்கும் நேரத்திற்கும் கட்டணம் ஓடும். ஆயினும் அந்தக் காத்திருப்பு எனக்கு இனித்தது. தெருவில் சைக்கிள் மணியும் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் சச்சரவும் கேட்கும். ஏழுமலை வந்ததும் வீட்டாரைப் பற்றிக் கேட்பேன், பிறகு காரியைப் பற்றிக் கேட்பேன்.

அவன் சொன்னவற்றை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். மழையில் குளம்பு வெடித்தது, வேப்பெண்ணெய் தடவினான். பொங்கலுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினான். பக்கத்துத் தெருவில் வீட்டுமனை போட்டுக் கல் நட்டார்கள். காரி ஒரு கல்லை உதைத்துச் சாய்த்தது. மனைக்காரன் சண்டைக்கு வந்தான். “நான் இன்னா சொன்னேன் தெரியுமா? இது எங்க வாத்தியாரு குதுர. இலக்கணம் படிச்சது. தப்பா நட்டா உதைக்கும்னேன்.” நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர்வரச் சிரித்தேன். அந்தக் கதையை மகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இங்கு உறக்கத்திற்குமுன் பிள்ளைகளுக்குக் கதை படிப்பார்கள். என் மகளுக்குக் காரிதான் கதை.

5

தொண்ணூற்று நான்கில் ஊருக்கு வந்தோம். மகளுக்கு ஒன்பது வயது. மூன்று வயதில் விட்டுப்போன நாட்டை வானூர்தி நிலையத்திலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டே பார்த்தாள். அவள் அங்கே காண விரும்பியது ஒன்றே ஒன்று.

பாரிவாக்கத்தில் கொட்டிலுக்குப் புதிதாகக் கீற்று வேய்ந்திருந்தார்கள். நீல நைலான் கயிற்றில் கருங்குதிரை கட்டப்பட்டிருந்தது. கயிற்றை முதலில் பார்த்தேன். நான் வாங்கிய கயிறுதான், நான் போட்ட முடிச்சுத்தான். நெஞ்சு நிறைந்தது. குதிரையின் கண்களுக்கு இருபுறமும் ஊர்வலக் குதிரைகளுக்குக் கட்டுவது போன்ற சரிகை வைத்த கண்பட்டை இருந்தது.

“இதெதுக்கு?”

“வெயில்ல கண்ணு கூசுது வாத்யாரே. வயசாயிடுச்சில்ல.”

மகளைத் தூக்கி முதுகில் ஏற்றினான். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிடரியில் முகத்தைப் புதைத்தாள். ஏழுமலை குனிந்து சேணவாரை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் காரியின் இடப்பக்கம் போய், பழைய வழக்கப்படி அந்தச் சுழியில் விரல் வைப்பதற்காகக் கண்பட்டையை விலக்கினேன்.

மயிர் ஒரே சீராகக் கீழ்நோக்கிப் படிந்திருந்தது.

வலக்கண்ணிலும் பார்த்தேன். அங்கும் இல்லை. சுழி தேய்வதில்லை, மறைவதில்லை. உயிருள்ளவரை இருந்த இடத்தில் இருப்பது. வாரை இறுக்கிய கைகள் நின்றுவிட்டன. ஏழுமலை நிமிரவில்லை. குனிந்த தலையில் அந்த இரண்டு சுழிகளும் நரை கலந்து தெரிந்தன.

“பட்டை இருக்கட்டும் வாத்யாரே,” என்றான் தரையைப் பார்த்தபடியே.

மேலே மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். நானே என் கைகளால் பட்டையை முன்போல் இழுத்துவிட்டேன். பிறகு அவர்கள் இருவரும் ஏரிக்கரைவரை போய்வந்தார்கள். வந்ததும் நான் ஒளிப்படம் எடுத்தேன். அந்தப் படம் இன்றும் அவள் அறையில் தொங்குகிறது.

6

மறுநாள் குமணன்சாவடிக்குத் தனியே போனேன். மஸ்தான் பாய்க்குத் தாடி வெளுத்திருந்தது. அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

“இன்னா சார், ஃபாரின் போன கையோட அனுப்பிச்சிட்டீங்க. நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

“எதை அனுப்பிச்சேன்?”

அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். குரல் தணிந்தது. “உங்க சிநேகிதர்தான் ஓட்டியாந்தாரு சார். வாத்தியாரு போறப்பவே வாணான்ட்டாருன்னாரு. அவுரு பொண்ணுக்கு மஞ்சக்காமாலையாம். ஊட்ல சுழி, சுழின்னு ஒரே அழுகையாம். பேச்சுப்படி என்னாண்டயே கட்டிட்டாரு, கயிற மட்டும் அவுத்துகினு போயிட்டாரு. மலைப்பக்கம் தோட்டம் வச்சிகினு கீற ஒருத்தரு வந்து வாங்கிகினு போனாரு. அப்பால தெரியாது.”

தேநீர் வரவழைத்தார். நான் குடித்தேனா என்பது நினைவில்லை.

அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். எங்களுக்கு விருந்து பரிமாறியவளே அவள்தான். மகள் நோயில் கிடக்கையில் ஒரு தந்தை எதை வேண்டுமானாலும் நம்புவான். அதை நான் அறியாதவனல்லன். அன்று தொலைபேசியில் ஒரு சொல் சொல்லியிருந்தால், கொண்டுபோய் விடு என்று நானே சொல்லியிருப்பேன். சுழியை நம்பியதற்காகச் சிரித்திருப்பேன் என்று அஞ்சினான்போலும். சிரித்துமிருப்பேன், ஆனாலும் விடச் சொல்லியிருப்பேன். குதிரையைக் கொடுத்ததை நான் இரண்டகம் என்று சொல்லவில்லை. நான் வேண்டாமென்றதாக மஸ்தான் பாயிடம் என் பெயரால் சொன்னானே, அது. இல்லாத குளம்புக்கு வேப்பெண்ணெய் தடவினானே, அது. என்னைச் சிரிக்க வைத்தானே, அதுதான் எல்லாவற்றிலும் கொடிது.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகளுக்குத் தாய்நாட்டோடு எஞ்சியிருந்த ஒரே கட்டு அந்தக் குதிரை என்று நம்பினேன். கண்பட்டையைச் சரிசெய்தது அவளுக்காக. அதன்பின் நான்காண்டுகள் அழைத்தபோதெல்லாம் “காரி எப்படி இருக்கான்?” என்று கேட்டதும் அவளுக்காகவே. அறைக்குள்ளிருந்து அவள் செவிசாய்த்திருப்பாள் அல்லவா?

7

நேற்று அந்தக் கருங்குதிரையைப் பார்க்கப் போனோம். முப்பது கல் தொலைவில், பக்கத்து ஊரில் பண்ணை வைத்திருக்கும் வயதான கணவனும் மனைவியும் விற்பவர்கள். கணவர் குதிரையின் குறைகளை அடுக்கினார். அவர் விட்டவற்றை மனைவி நிரப்பினார். ஓடையைக் கண்டால் முதலில் தயங்கும். வேலியில் பிளாஸ்டிக் பை படபடத்தால் துள்ளும். தனியே விட்டால் மற்றக் குதிரைகளைத் தேடிக் கனைக்கும். மஸ்தான் பாயை எண்ணிக்கொண்டேன். குதிரை விற்பவர்கள் ஏமாற்றுவார்கள் என்கிறது உலகம். என்னிடம் அங்கும் இங்கும் மறைக்காமல்தான் விற்றிருக்கிறார்கள்.

இடக்கண்ணின் கீழே பார்க்க வேண்டும் என்றேன். சுழி என்பதற்கு எனக்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. விரலால் காற்றில் வட்டம் போட்டேன். கண்ணில் நோய் இருக்குமென்று நான் ஐயுறுவதாக நினைத்து, அம்மூதாட்டி கால்நடை மருத்துவரின் சான்றை எடுத்துவர வீட்டுக்குள் ஓடினார். கணவரும் பின்னால் போனார்.

அப்போது இளவேனில் குதிரையின் கழுத்தை நீளத் தடவினாள். தடவிவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தித் தடவினாள். மறுபடியும் பார்த்தாள்.

“என்ன பார்க்கிறாய்?”

“நிறம் ஒட்டுகிறதா என்று,” என்றாள் ஆங்கிலத்தில், மிக இயல்பாக. சொன்ன பிறகே தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. முகம் சிவந்தது.

பிறகு அவளே சொன்னாள்.

பாரிவாக்கத்தில், ஏரிக்கரையில், அவள் இறங்கியபோது இரு கைகளும் கன்னமும் கறுத்திருந்தன. ஏழுமலை தன் வேட்டித் தலைப்பை ஏரி நீரில் நனைத்துத் துடைத்துவிட்டிருக்கிறான். கருஞ்சாயத்துக்கு அடியில் குதிரை பழுப்பு என்பதைக் கழுத்தில் வெளுத்த இடத்தில் அவள் பார்த்துவிட்டாள். அவன் மண்டியிட்டு அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். அவளும் சரியென்று தலையசைத்திருக்கிறாள்.

“உனக்கு அப்போதே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“நீங்கள் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள்.”

நான் அன்று அணிந்திருந்த மகிழ்ச்சி அவளுக்காக அணிந்தது. ஒரு பெரியவன் எனக்குப் பொய் சொன்னான், அதைப் பொறுத்துவிடலாம். ஒன்பது வயதுக் குழந்தையின் கையைத் துடைத்து, அவளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டானே! ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொலைபேசியில் குதிரையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், அவள் அடுத்த அறையில் என் பேதைமையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூதாட்டி சான்றோடு வந்தார். நான் அதைப் பார்க்கவில்லை. குதிரையை வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னேன். என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். பெயர் பிறகு, என்றேன்.

திரும்பும் வழியில் பாலத்தைக் கடந்ததும், ஏழுமலை மண்டியிட்டு என்ன சொன்னான் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் விளக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவனுடைய தாழ்ந்த கரகரத்த குரலிலேயே, ஓரெழுத்தும் பிசகாமல் சொன்னாள்:

“நைனாகிட்ட சொல்லிடாத கண்ணு. அவுரு மன்சு தாங்காது.”

பத்தாண்டு உணவு மேசையில் நான் உட்கார்ந்து கற்பித்தும், ஒரு முழுத் தமிழ்த் தொடர்கூட இவளிடம் தங்கவில்லையே என்று வருந்தியிருக்கிறேன். தங்கியிருக்கிறது. கற்பித்தவன் நானல்லன்.